செங்கல் உடைத்தவனுக்கு முதல் டர்ன்

"ஏனுங்க தம்பி, இந்த ஜீப் ஸ்டாண்டுல முருகேசன்னு ஒரு பையன் வண்டி ஓட்டறானாமா. ஆளு எப்படீங்க?"

முன் சீட்டில் இருந்த பெரியவர் இப்படிக் கேட்டபோது, என் ஜீப் சித்திரபுரம் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கியர் மாற்றப் போன என் கை வழுக்கிவிட்டது. வண்டி ஒரு குதி குதித்து நின்றது. ஏனென்றால் அந்த முருகேசன் நான்தான்.

பெரியவர் அசையவில்லை. வெள்ளை வேட்டி, தோளில் பச்சைக்கரைத் துண்டு, மடியில் மஞ்சள் பை. பைக்குள்ளிருந்து முறுக்கு வாசனை வந்தது. ஏறி உட்கார்ந்தவுடன் முகத்தில் வெயில் அடிக்கிறதென்று தலைக்கு மேலிருந்த மறைப்பைக் கீழே இழுத்தார், பிறகு என்ன நினைத்தாரோ மறுபடி மேலே தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு வாயே திறக்காமல் வந்தவர், திறந்ததும் கேட்டது இதைத்தான்.

கொல்லங்கோட்டுப் பேச்சு என்பது முதல் 'ஏனுங்க'விலேயே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். அப்பா அந்தப் பக்கத்திலிருந்து மின்சார வாரிய வேலைக்கு வந்து, சித்திரபுரம் குவார்ட்டர்ஸில் குடியேறியவர். நான் வீட்டுக்குள் 'வாங்க போங்க', தெருவில் எஸ்டேட் பையன்களோடு 'வாலே போலே', பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று மூன்று வாயோடு வளர்ந்தவன். அன்றைக்கு மூன்றும் ஒன்றாக அடைத்துக்கொண்டன.

விஷயம் இதுதான். கொல்லங்கோட்டில் சுமதி என்று ஒரு பெண்ணை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். படம் வந்திருந்தது. 'சீக்கிரம் எடுத்துத் தொலைங்க, எனக்கு வேலை இருக்கு' என்று கேமராக்காரரை முறைக்கிற மாதிரி ஒரு முகம். எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. அந்தப் படத்தை வீட்டில் வைக்காமல் வண்டியிலேயே வைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாரிக்க வருகிறவர்கள்

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர்களுக்கு எங்கள் ஸ்டாண்டைப் பற்றி ஓரளவு தெரியும். ஆனால் ஸ்டாண்டுக்கு வரும் வெளியாட்களில் இரண்டு வகை உண்டு என்பதை இதுவரை நான் எழுதவில்லை.

ஒன்று, ஊர் பார்க்க வருகிறவர்கள். அருவி எத்தனை தூரம், யானை வருமா என்று கேட்பார்கள். இன்னொன்று, பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் கொள்ளாமல் விசாரிக்க வருகிறவர்கள். இவர்கள் மலையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். டீக்கடையில் ஒரு டீயை ஒரு மணி நேரம் குடிப்பார்கள். பிறகு மெல்ல, "அந்தப் பையன் குடிப்பானா?" என்பார்கள்.

இதற்கு ஸ்டாண்டில் ஒரு எழுதாத சட்டம் இருந்தது. எவனைப் பற்றி எவர் கேட்டாலும் தங்கம் என்று சொல்ல வேண்டும். அவனோடு காலையில்தான் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருந்தாலும் சரி.

இந்தச் சட்டம் எங்களுக்கே வினையாக முடிந்தது. சுடலை என்று ஒருவன், என் கூட்டாளி, அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். அவனை விசாரிக்க ஏலப்பாறையிலிருந்து ஒருவர் வந்தார். ஸ்டாண்டே வரிசையில் நின்று புகழ்ந்தது. ஒருவன் "பீடியைத் தொட மாட்டான்" என்றான். அடுத்தவன் "சாராய வாடையே ஆகாது" என்றான். கடைசியாக வந்தவனுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. "டீ கூடக் குடிக்க மாட்டான்" என்றுவிட்டான். சுடலை பக்கத்தில்தான் நின்றிருந்தான், கையில் டீ கிளாஸோடு. வந்தவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

எனக்கும் அதே மாதிரி இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இவ்வளவு நல்லவன் என்றால் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். நினைக்கத்தானே செய்வார்கள்? மலையில் ஜீப் ஓட்டுகிறவனைப் பற்றிக் கீழே இருக்கிறவர்களுக்கு ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் உண்டு.

ஆனால் மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடமே விசாரித்த முதல் ஆள் இந்தப் பெரியவர்தான். அன்று காலை முதல் டர்ன், அதாவது முதல் சவாரி, எனக்கு வந்ததுதான் அதற்குக் காரணம். அந்த டர்ன் எனக்கு வந்ததற்குக் காரணம் ஒரு பெட்டி.

பெட்டி வந்த வழி

பெங்களூரிலிருந்து ஒரு புதுமாப்பிள்ளை தேனிலவுக்கு வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. அவன் கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு சாமான். ஆர்கனைசர் என்றான். காலண்டர், விலாசம், கணக்கு எல்லாம் அதில் இருக்குமாம். தொடுவதற்கு ஒரு குச்சி. திரை, பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. எழுத்தெல்லாம் கறுப்பு.

அவன் காலண்டரையும் பார்க்கவில்லை, கணக்கும் போடவில்லை. நாள் முழுக்க விளையாடினான். மலை உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினால் மனைவி மலையைப் பார்க்கிறாள், இவன் மடியைப் பார்க்கிறான். இரண்டாம் நாள் அந்தப் பெண் என் கண்முன்னாலேயே கேட்டுவிட்டாள், நான் வேண்டுமா அது வேண்டுமா என்று. அவன் ஒரு நிமிடம் யோசித்தான். அவ்வளவு யோசித்திருக்கக் கூடாது. பிறகு பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டான். பெண்கள் இந்தப் பெட்டியைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நான் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை சொன்னான். "அண்ணா, பேட்டரி தீர்ந்தா பழசை எடுத்த ஒரு நிமிஷத்துக்குள்ள புதுசு போட்டுடணும். லேட் ஆனா, நான் ஏத்தி வெச்ச கேம்ஸ் எல்லாம் அழிஞ்சுடும். கம்பெனி குடுத்த காலண்டர் மட்டும்தான் மிஞ்சும்."

அதில் மூன்று ஆட்டம் இருந்தன. மேலிருந்து வரிசை வரிசையாகப் பூச்சிகள் இறங்கும், கீழேயிருந்து சுட வேண்டும். சுடலைக்கு அதுதான் பிடிக்கும், தேயிலைக்கு மருந்தடித்த குடும்பம். இன்னொன்றில் ஒரு வட்ட வாய், சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்னும். மூன்றாவது, செங்கல். மேலே செங்கல் அடுக்கு, கீழே ஒரு சின்னப் பலகை. பலகையை இரண்டு பொத்தானால் இடமும் வலமும் நகர்த்திப் பந்தைத் தட்ட வேண்டும். பந்து போய்ச் செங்கலை உடைக்கும். பந்தைக் கீழே விட்டால் போச்சு. மூன்று பந்துதான்.

கேட்பதற்கு ஒன்றுமில்லைதான். ஆனால் ஒரு வாரத்தில் ஸ்டாண்டில் வண்டி கழுவுவது நின்றுபோனது.

அப்போது எங்களுக்குள் டர்ன் தகராறு உச்சத்தில் இருந்தது. காலையில் முதலில் வருகிறவனுக்கு முதல் டர்ன் என்பது வழக்கம். அதனால் ஆளாளுக்கு விடியுமுன் வர ஆரம்பித்து, கடைசியில் சில பேர் வீட்டுக்கே போகாமல் வண்டியில் படுத்தார்கள். அவர்களுடைய மனைவிமார் யூனியன் செக்ரட்டரி தங்கப்பன் சேட்டனைத் தேடி வந்து கேள்வி கேட்டார்கள். சேட்டன் எதற்கும் பயப்படாதவர், அதற்குப் பயந்தார்.

"மதி, போதும்! இனி சாயங்காலம் செங்கல்ல யாருக்கு ஸ்கோர் கூடுதலோ, அவனுக்கு நாளைக்கு ஃபர்ஸ்ட் டர்ன்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

தினமும் மாலை என் ஜீப் பானெட்மேல் பெட்டியை வைத்து ஆட்டம் நடக்கும். குச்சி தொலைந்து போனதால், பேர் எழுத ஒரு ஈர்க்குச்சியை மழுக்கி வைத்திருந்தோம். பேட்டரி மாற்றுவது திருவிழா மாதிரி. சேட்டன் வாட்சைப் பார்ப்பார், நான் பழசைக் கழற்றுவேன், சுடலை புதுசை நீட்டுவான், மற்றவர்கள் மூச்சு விட மாட்டார்கள்.

பட்டியலில் முதல் பேர் என்னுடையது. நெடுநாளாக.

"ஏலே, ஸ்டியரிங் பிடிக்கவனுக்கு டர்னா, பட்டனை அமுக்குதவனுக்கு டர்னா?" என்று சுடலை பொருமுவான். பொருமிக்கொண்டே வரிசையில் நிற்பான்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம்

இப்போது வளைவில் நிற்கும் ஜீப்புக்கு வருவோம்.

நான் குரங்குக் குல்லா போட்டு மப்ளர் சுற்றியிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போன படத்தில் நான் பவுடர் பூசி, இரவல் கோட்டில் இருந்தேன். அடையாளம் தெரிய வாய்ப்பே இல்லை என்று தைரியம் வந்தது. அவர் கேட்டதற்கு என்ன சொல்வது? தங்கம் என்றால் சுடலை கதிதான். ஆகவே ஒரு கெட்ட பழக்கத்தைச் சேர்த்துச் சொல்வதென்று முடிவு செய்தேன். எது என்று யோசித்தேன். சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் நம்பும்படி இருக்க வேண்டும்.

"பையன் பரவால்லைங்க. குடியெல்லாம் இல்லைங்க. ஆனா ஒரே ஒரு கெட்ட பழக்கம். ஒரு பெட்டிய வெச்சு எந்நேரமும் ஆடிக்கிட்டே இருப்பானுங்க."

பெரியவர் நிமிர்ந்தார். "சூதாட்டமுங்களா?"

"ஐயோ, இல்லைங்க! செங்கல் உடைக்கறதுங்க."

அவருக்குப் புரியவில்லை. நான் டேஷ்போர்டிலிருந்து பெட்டியை எடுத்தேன். "இதாங்க அது. அவன்தான் என்கிட்டக் குடுத்து வெச்சிருக்கான்" என்று சொல்லி நீட்டினேன்.

முதல் பந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது விழுந்ததும் பெரியவர் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "சித்தெ இருங்க" என்றார்.

அந்தச் 'சித்தெ' நேரம் மலை உச்சி வரை போனது. வியூ பாயிண்டில் பனிமஞ்சு விலகி, கீழே தேயிலை பளிச்சென்று தெரிந்தது. "பாருங்க" என்றேன். "அது எங்கீங்க போகுது, அங்கியேதான் இருக்கும்" என்றார், தலை தூக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் ஆடுவதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு அடங்கியது. நாங்களெல்லாம் பந்து போகும் பக்கமெல்லாம் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள். இவர் ஒரே மூலையில் தட்டினார். ஓரத்துச் செங்கல்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு சந்து திறந்தார். பந்து அந்த வழியாக மேலே ஏறி, செங்கல்களுக்கு முதுகுப்பக்கம் மாட்டிக்கொண்டு, தானே உடைத்துத் தள்ளியது. பலகை சும்மா நின்றது.

"இது மடை தொறக்கற வேலைதானுங்க. ஒரு பக்கம் வெட்டி உட்டா, தண்ணி தானாப் பாஞ்சுக்கும்" என்றார். பிறகு பட்டியலைப் பார்த்தார். ஆங்கில எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். "மேல இருக்கறது அந்த முருகேசனுங்களா? எப்படி ஆடுவான்? பந்து பின்னால ஓடற பையனுங்களோ? பொறுமை பத்தாதோ?"

"அதெல்லாம் இல்லைங்க! அன்னிக்குச் சுடலை பானெட்டத் தட்டிட்டான். இல்லைன்னா நான் இன்னும்..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெரியவர் காதில் விழாதவர் போல அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார்.

குழியும் பந்தும்

இறங்கும்போதும் ஆட்டம் ஓயவில்லை. பாதி வழியில் எட்டிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் போனால் என் ஸ்கோர் காலி.

அந்த ரோட்டின் குழிகளை நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், அவ்வளவு பழக்கம். ஒரே ஒரு குழியில் ஒரே ஒரு சக்கரத்தை இறக்கினால் போதும், கிழவர் கை தடுமாறும், பந்து விழும், என் பேர் மேலேயே இருக்கும். ரோடு மோசம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ரோடு உண்மையிலேயே மோசம்.

ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். நாக்கு நுனி வெளியே வந்திருந்தது. முறுக்குப் பை காலடியில் விழுந்திருந்தது, அதுகூடத் தெரியவில்லை. எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி வருகிற மாதிரி, குழிக்குக் குழி ஒதுங்கி ஓட்டினேன். பின்னால் சுடலை ஹாரன் அடித்துத் தீர்த்தான்.

கடைசி வளைவுக்கு முன்னால், "ஆச்சுங்க!" என்று பெரியவர் தொடையில் தட்டினார். பெட்டி கீச்கீச்சென்று கத்தியது. பேர் எழுதக் கட்டம் வந்தது. "நீங்களே எழுதுங்க தம்பி. வேலுச்சாமின்னு."

வண்டியை ஓரம் கட்டி, என் பேருக்கு மேலே அவர் பேரை என் கையாலேயே ஈர்க்குச்சியால் எழுதினேன். வயிறு எரிந்தது. இப்போது நினைத்தாலும் லேசாக எரிகிறது.

ஸ்டாண்டில் வந்து நின்றதுதான் தாமதம், தங்கப்பன் சேட்டன் கத்தினார். "எடா முருகேசா! பெட்டி எங்கடா? இன்னைக்கு உன் ஸ்கோர் எத்ர?"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கல்லாகிவிட்டேன். பொய்யும் போச்சு, பெண்ணும் போச்சு.

வேலுச்சாமி மெதுவாகக் கையை உயர்த்தி, தலைக்கு மேலிருந்த வெயில் மறைப்பைக் கீழே இழுத்தார். அதில் செருகியிருந்த படத்தில் சுமதி எங்கள் இரண்டு பேரையும் முறைத்தாள்.

"ஏறுனதுமே பாத்தனுங்க. என்ற அக்கா புள்ள. நான் அவளுக்குத் தாய்மாமன். என்ற வாய்ல செரின்னு வந்தாத்தான் கல்யாணம்."

"மாமா, நான் வந்து..."

"தன்னப் பத்திக் கேட்டா எவனும் தங்கம்னுதான் சொல்லுவான். நீங்க கெட்ட பழக்கத்தச் சொன்னீங்க. நெசந்தான், இது நெம்பக் கெட்ட பழக்கந்தானுங்க" என்றவர், பெட்டியை மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார். "இத ஊட்டுக்குக் கொண்டுபோயி ரெண்டு நாள் பாத்துப்போட்டு, சேதி சொல்லி உடறனுங்க."

பஸ் ஏறிப் போயே போய்விட்டார். என்ன சேதி என்று சொல்லவில்லை.

சேதி வராத நாட்கள்

ரெண்டு நாள், பத்து நாளாகி, மாதமும் ஆனது. கொல்லங்கோட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

ஸ்டாண்டில் என்னை யாரும் மனிதனாக மதிக்கவில்லை. பெட்டி போனதால் டர்ன் தகராறு திரும்பிவிட்டது. ஆட்கள் மறுபடி வண்டியில் படுக்க ஆரம்பித்தார்கள். மனைவிமார் மறுபடி சேட்டனிடம் வந்தார்கள். "எவனோ ஒரு மாமனுக்கு ஸ்டாண்ட் சொத்தத் தாரை வாத்துட்டியேலே. பொண்ணாவது குடுத்தானா?" என்று சுடலை கேட்டான்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமே? நான் படத்தை வெயில் மறைப்பிலிருந்து எடுக்கவும் இல்லை, அதைக் கீழே இழுத்துப் பார்க்கவும் இல்லை. வெயில் கண்ணில் அடிக்க அடிக்க வண்டி ஓட்டினேன். எனக்கு அழுகையாக வந்தது, அதையும் மஞ்சுக்கண் என்று சொல்லிச் சமாளித்தேன். அப்படி ஒரு நோயே கிடையாது.

ஒரு மத்தியானம் டீக்கடை போன் அடித்தது. எனக்குத்தான்.

"ஏனுங்க, முருகேசன்தானுங்களே? நான் சுமதிங்க."

டீக்கடையில் எல்லாச் சத்தமும் நின்ற மாதிரி இருந்தது. உண்மையிலேயே நின்றுவிட்டது, சுடலை பலகாரத் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமா அந்தப் பெட்டிய உட்டு நகர மாட்டேங்கறாருங்க. காடு கழனிக்குப் போறதில்ல. கல்யாணப் பேச்ச எடுத்தா, 'இந்தச் செங்கல் முடியட்டும் கண்ணு, இந்தச் செங்கல் முடியட்டும்'ங்கறாருங்க. இப்பப் பேட்டரி தீரப் போகுதாமா. மாத்தித் தான்னு உசுரெடுக்கறாரு. எப்படிங்க மாத்தறது?"

எனக்கு இருந்த பதற்றத்தில் விளக்கோ விளக்கென்று விளக்கினேன். மூடியை எப்படித் திறப்பது, எந்தப் பக்கம் கூட்டல் குறி, எல்லாம். "முக்கியமா ஒண்ணுங்க. பழச எடுத்தா ஒரு நிமிசத்துக்குள்ள புதுசு போட்டறோணும். இல்லைன்னா ஆட்டம் அத்தனையும் அழிஞ்சுருமுங்க."

அவள் நிதானமாகக் கேட்டாள்.

"ஒரு நிமிசத்துக்கு மேல ஆனா, ஒண்ணுகூட மிஞ்சாதுங்களா?"

"ஒண்ணுகூட மிஞ்சாதுங்க. வெறும் காலண்டர்தான் இருக்கும். பாத்து மாத்துங்க."

"செரிங்க. பாத்து மாத்தறனுங்க" என்று வைத்துவிட்டாள். எவ்வளவு பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி போன். இந்த முறை வேலுச்சாமி மாமா. குரல் இழவு வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது.

"எல்லாம் போச்சுங்க மாப்ள. செங்கலும் போச்சு, பூச்சியும் போச்சு. பெட்டிக்குள்ள காலண்டர் மட்டுந்தான் நிக்குது. வேற என்ன பண்றது, அதையே தள்ளித் தள்ளிப் பாத்துட்டிருந்தேன். பஞ்சாங்கத்தையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ஆவணியில ஒரு மூர்த்தம் நல்லாருக்குது. செரிங்களா?"

நான் செரி என்று சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. சுடலை என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, "செரிங்க, செரிங்க!" என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது.

கல்யாணத்துக்கு ஸ்டாண்டே கொல்லங்கோட்டுக்குத் திரண்டு வந்தது. தங்கப்பன் சேட்டன் மணப்பந்தலில் என்னை வாழ்த்துவதற்கு முன்னால் பெட்டியை வாங்கிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், வெறும் காலண்டர் என்று மற்றவர்களிடம் சைகை காட்டினார். மாமா தாலி கட்டும் நேரத்தில்கூடப் பக்கத்தில் இருந்தவரிடம், "ஒரு நிமிசந்தானுங்க. ஒரே ஒரு நிமிசத்துல போயிருச்சு" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் சுமதியிடம் நான் பேசும் வாய்ப்பு வந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் அதையே கேட்டேன். "கொஞ்சம் தாமசமாயிருச்சுங்களா, பேட்டரி மாத்தறப்ப?"

அவள் இலையைப் பார்த்தபடி, படத்தில் இருந்த அதே முகத்தோடு சொன்னாள்.

"பழசக் கழட்டி வெச்சேனுங்க. ஒரு படி உளுந்து ஆட்டி, வழிச்சு, கல்லக் கழுவி வெச்சுப்போட்டுத்தானுங்க புதுசு போட்டேன்."